உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும்: மேடைக் கூச்சம் உள்ளவள் எடுக்கலாமா?

படுவான்கரைப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சாதாரண தரப் பெறுபேறு வந்துவிட்டது. கலைப்பிரிவுக்குப் போவதில் வீட்டில் யாருக்கும் மறுப்பில்லை. தமிழும் புவியியலும் முடிவாகிவிட்டன. மூன்றாவது பாடத்தில்தான் இழுபறி. எனக்கு நாடகமும் அரங்கியலும் எடுக்க விருப்பம். அப்பா அரசியல் விஞ்ஞானம் எடு என்கிறார். "விடிய விடிய முழித்திருந்து கூத்துப் பார்த்தது காணாதா, அதைப் புத்தகத்திலும் படிக்க வேண்டுமா?" என்று கேட்கிறார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்கிறார். என்னிடமும் சரியான பதில் இல்லை.

நான் மேடை ஏறிப் பழகியவள் அல்ல. தமிழ் மொழித் தினப் போட்டிக்கு வகுப்பே சேர்ந்து நாடகம் போட்டபோது நான் திரை இழுத்தேன். செய்முறைப் பரீட்சை என்று ஒன்று இருக்கிறதாம். அதில் எல்லோருக்கும் முன்னால் நடி என்றால் என்ன செய்வது? எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் கூத்துக் களரியில் ஆடுவதில்லை, பாய் விரித்து இருந்து பார்ப்பதுதான். என் மாமா இளவயதில் தென்மோடி என்ற வகைக் கூத்தில் இளவரசி வேடம் கட்டியவர். இன்றைக்கும் ஊரில் அவரைச் சிலர் அந்த இளவரசியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் பெண்ணாக ஆடலாம், பெண்ணாகப் பிறந்த நான் ஆடக்கூடாது என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்து நாடக ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. தனியார் வகுப்பு என்றால் மண்முனைப் பாலம் தாண்டி நகரத்துக்குப் போக வேண்டும்.

இந்தப் பாடத்தில் உண்மையில் எதைப் படிக்கிறோம்? படித்தவர்கள் சொல்லுங்கள். இலேசான பாடம், ஏ எடுக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அது சரியா?

ஈரநிலம் எழுதியது:

தங்கச்சி, அப்பா சொல்வதைக் கேளுங்கள். நான் கலைப் பட்டதாரி. பட்டம் வாங்கிய பிறகு வேலைக்காக எவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். பட்டதாரி நியமனம் கேட்டு வீதியில் இருந்தவர்களில் நாடகம் படித்தவர்களும் இருந்தார்கள். அரசியல் விஞ்ஞானம் எடுத்தால் போட்டிப் பரீட்சைகளின் பொது அறிவுக்காவது உதவும். கூத்து ஆசை இருந்தால் அதை ஒரு பக்கத்தில் வைத்திருங்கள், பாடமாக எடுக்க வேண்டியதில்லை. மனம் நோகச் சொல்லவில்லை.

வட்டக்களரி எழுதியது:

மகள், நான் இந்தப் பாடத்தை மட்டக்களப்பில் நெடுங்காலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். நீ கேட்டவற்றில் ஆக முக்கியமானது உன் அப்பாவின் கேள்வி. மற்றவற்றை ஒரு சுற்றறிக்கையைப் பார்த்தே தீர்த்துக்கொள்ளலாம். ஆகவே முதலில் அவருக்குப் பதில்.

அவர் விடிய விடிய கூத்துப் பார்த்தவர் என்றால் இதைக் கேட்டுப் பார்: கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் எங்கே நிற்பார்? "களரியின் நடுவில், மத்தளத்தோடு" என்று உடனே சொல்வார். ஆட்டக்காரர் அவரைச் சுற்றி ஆடுவார்கள், சனம் நாலாபுறமும் இருக்கும். சரி, அதே கூத்தைப் பள்ளிக்கூட மண்டபத்து மேடையில் போடும்போது அண்ணாவியார் ஏன் ஓரத்துக்குப் போய்விடுகிறார்? அங்கே சனம் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதால் நடுவில் நிற்பவர் ஆட்டக்காரரை மறைத்துவிடுவார். அவர் ஓரத்துக்குப் போனதும் சுற்றி ஆடிய ஆட்டம் முன்னோக்கிய ஆட்டமாகிறது. தனக்குப் பின்னால் ஆள் இல்லாததால் ஆட்டக்காரர் நாலு திசைக்கும் திரும்பிப் பாட வேண்டியதில்லை. திரை வருகிறது, ஒளி வருகிறது. ஒளி வந்ததும், தீப்பந்த வெளிச்சத்துக்காகச் செய்த மணி, கண்ணாடி வைத்த உடுப்பு வேறு மாதிரித் தெரிகிறது. இடம் ஒன்று மாறியதற்கு இத்தனையும் மாறின. ஏன், எப்படி என்று விளங்கிக்கொள்வதுதான் அரங்கியல். கூத்துப் பார்ப்பது வேறு, அதைப் படிப்பது வேறு என்று அப்பாவுக்கு இப்படிச் சொல்லிப் பார்.

இது நான் கற்பனையில் சொல்லும் மாற்றம் அல்ல. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதைத்தான் செய்தார். 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன். விடியும் வரை ஆடியதைச் சுருக்கி, சனம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்து பார்க்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். உன் மட்டக்களப்புக் கூத்து அப்படித்தான் பல்கலைக்கழகத்து வாசலை மிதித்தது. அவருக்கு அந்த எண்ணம் வந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. 1956இல் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் பேராசிரியர் சரச்சந்திர 'மனமே' என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். அது நாடகம என்ற சிங்களக் கிராமிய வடிவத்தில் அமைந்தது. அந்த வடிவத்தின் வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது. நம்மிடமிருந்து போனது அங்கே பெருமை பெற்று, அதைப் பார்த்து நாம் நம்முடையதைத் திரும்பிப் பார்த்த கதை இது. இதையெல்லாம் உன் அப்பா கேட்டால் நாடகத்துக்கே ஓம் என்று சொல்லிவிடுவார் என்று நான் நம்புகிறேன். கூத்துப் பார்த்தவர்கள் பொதுவாக நல்லவர்கள்.

அடுத்தது, "இலேசான பாடம்" என்ற கதை. இது என்னைக் கோபப்படுத்தும் கதை. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவு செய்வது வெறும் புள்ளியை வைத்து அல்ல, இசட் புள்ளியை வைத்து. ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த புள்ளிகளின் சராசரியிலிருந்து நீ எவ்வளவு மேலே நிற்கிறாய் என்பதை நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவால், பிரித்து வருவது அது. ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்: சராசரி 60, நியம விலகல் 10 உள்ள பாடத்தில் நீ 75 எடுத்தால் உன் இசட் 1.5. சராசரி 40, விலகல் 15 உள்ள பாடத்தில் 70 எடுத்தால் இசட் 2. எழுபத்தைந்தை எழுபது வென்றுவிட்டது. பாடம் இலேசு என்றால் எல்லோருக்கும்தான் இலேசு, சராசரியும் கூடவே ஏறும். அப்படி இருக்க, ஏ எடுக்கலாம் என்பதற்காக ஒருவர் நாடகம் எடுப்பதும், ஏ வராது என்பதற்காக ஒருவர் விடுவதும் பொருளில்லாத வேலை. உனக்கு எதில் மற்றவர்களை விட நன்றாகச் செய்ய முடியும் என்று மட்டும் பார்.

என்ன படிக்கிறோம் என்று கேட்டாய். ஈழத்து அரங்கின் வகைகள்: மட்டக்களப்பின் வடமோடியும் தென்மோடியும், மன்னாரின் மாதோட்டப் பாங்கும் யாழ்ப்பாணப் பாங்கும், மலையகத்தின் காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும், வடக்கின் இசை நாடகமும் காத்தவராயன் கூத்தும். பிறகு நவீன நாடகம், சிங்கள அரங்கு, கிரேக்கம், சமஸ்கிருதம், யப்பானின் நோவும் கபுகியும், இப்சன், ஸ்தனிஸ்லவ்ஸ்கி, பிரெக்ட் போன்ற மேனாட்டு நாடகக்காரர். கூடவே நடிப்பு, நெறியாளுகை, காட்சியமைப்பு, ஒளி, ஒப்பனை. விதிக்கப்படும் நாடகங்கள் காலத்துக்குக் காலம் மாறும், உன் ஆண்டுக்குரியதைப் பார்த்துக்கொள். கேட்கும்போது கடல் போலத் தோன்றும். தனித்தனியாகப் பாடமாக்கினால் மூழ்கிவிடுவாய். ஒன்றை ஒன்றோடு வைத்துப் பார்த்தால் கரையேறலாம்.

உன் மாமாவையே எடுத்துக்கொள். ஆண் பெண் வேடம் கட்டியது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. கிரேக்கத்தில் சோபோக்கிளிஸ் எழுதிய அன்ரிகனியை முகமூடி அணிந்த ஆண்தான் நடித்தான். ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் பையன்கள் நடித்தார்கள். நோவிலும் கபுகியிலும் ஆண்கள். கபுகியைத் தொடங்கியவளே ஒகுனி என்ற பெண், பின்னால் 1629இல் பெண்கள் மேடையேறுவதை ஆட்சியாளர் தடைசெய்தார்கள். உனக்கு வேடிக்கையாகப் பட்டது என்று எழுதினாயே, அது ஒரு கட்டுரை வினா. இதை நீயாகக் கவனித்து எழுதியிருப்பதால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

ஈரநிலம் தம்பி சொன்னதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. பட்டதாரிகளின் வேலையின்மை நாட்டின் பெரிய சிக்கல். ஆனால் வீதியில் இருந்தவர்களில் அரசியல் விஞ்ஞானம் படித்தவர்கள் இல்லையா, தம்பி? பாடத்தின் மேல் பழியைப் போட்டு ஒரு பிள்ளையின் விருப்பத்தைக் கெடுக்க வேண்டாம்.

படுவான்கரைப் பிள்ளை எழுதியது:

ரீச்சர், மிகவும் நன்றி. அண்ணாவியார் எங்கே நிற்பார் என்று அப்பாவிடம் கேட்டேன். "இது என்ன கேள்வி" என்று தொடங்கி இராச்சாப்பாடு ஆறும் வரை கதைத்தார். பாட்டைச் சபையோர் என்ற பிற்பாட்டுக்காரர் எப்படித் திருப்பிப் படிப்பார்கள் என்று பாடியும் காட்டினார். இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. "ஆசிரியர் இல்லாத பாடத்தை எப்படிப் படிப்பாய்" என்கிறார், அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. கூச்சத்தைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை.

பனங்கூடல் எழுதியது:

நான் யாழ்ப்பாணம். நாடகம் எடுத்துப் பரீட்சை எழுதி முடித்து, பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பவள். ரீச்சர் சொன்னதில் ஒன்றை மட்டும் மெல்ல மறுக்க வேண்டியிருக்கிறது. பாடமாக்காமல் கரையேறலாம் என்பது முப்பது வருடம் படிப்பித்தவர்களுக்குச் சரி. எங்களுக்கு ஸ்தனிஸ்லவ்ஸ்கியும் பிரெக்டும் பரீட்சை மண்டபத்தில் இடம் மாறிவிடுவார்கள். நடிகர் பாத்திரத்தின் உள்ளே போக வேண்டும் என்றவர் யார், பார்ப்பவர் கதையில் கரைந்துவிடாமல் யோசிக்க வேண்டும் என்று தூரப்படுத்தலைச் சொன்னவர் யார் என்பதைப் பெயரோடு பாடமாக்கித்தான் ஆக வேண்டும். ஆண்டுகளும் அப்படியே. நான் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி, 1978. அவர் எழுதிய நாடகம் மண் சுமந்த மேனியர், 1985. அம்மாவே இப்போது தேங்காய் துருவிக்கொண்டு சொல்வார்.

ஆசிரியர் இல்லாததைப் பற்றி: எங்களுக்கும் இடையில் சில மாதம் ஆசிரியர் இல்லை. தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் அவர்களுடைய இணையத்தளத்திலிருந்து இலவசமாக இறக்கலாம். வழிகாட்டி ஆசிரியருக்கு எழுதியதாக இருந்தாலும், எந்த அலகில் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று அதில் தெரியும். ஈழத்து நாடக நூல்கள், பழைய நாடக விழா மலர்கள் நிறைய 'நூலகம்' இணையத்தளத்தில் இருக்கின்றன, அவையும் இலவசம். சண்முகலிங்கம் ஐயாவின் நாடகங்களை நான் அங்கே வாசித்தேன். எழுத்துருவை முழுதாக வாசித்தவருக்கும், நாடகத்தின் கதைச் சுருக்கத்தைக் குறிப்பில் வாசித்தவருக்கும் விடையில் வித்தியாசம் தெரியும் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். கடந்தகால வினாத்தாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மாதத்தில் ஒரு முறையாவது யாரிடமாவது விடையைத் திருத்தக் கொடுங்கள். தனியே படிப்பதில் ஆக மோசமான விஷயம், நாம் எழுதுவது சரி என்று நாமே நினைத்துக்கொள்வது.

கூச்சம் பற்றி: நானும் அப்படித்தான். முதல் நாள் ஆசிரியர் எங்களை நடிக்கவே சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மண்டபத்தில் நடங்கள், ஒருவரோடு ஒருவர் முட்டாதீர்கள் என்றார். அடுத்த நாள் ஆளுக்கு ஆள் கண்ணாடியாக நின்று மற்றவர் அசைவைச் செய்யச் சொன்னார். இவற்றை அரங்க விளையாட்டுகள் என்பார்கள். வாரக்கணக்கில் இதுதான். எப்போது நடிக்கத் தொடங்கினோம் என்று எங்களுக்கே தெரியாது. உங்கள் வகுப்பில் நாடகம் எடுக்கும் பிள்ளைகள் நாலு பேர் இருந்தால் ஆசிரியர் இல்லாமலேயே இதைத் தொடங்கலாம்.

வட்டக்களரி எழுதியது:

பனங்கூடல், ஆண்டுகளைச் சுவரில் ஒட்டு, அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. நான் சொன்னது எதிர்பார்க்கை வினாவுக்கு நகரத்து வகுப்பில் விற்கும் முழு விடைகளைப் பற்றி. நாற்பது பிள்ளைகள் ஒரே வசனத்தோடு தொடங்கும் விடைத்தாளைத் திருத்திப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். "நாடகம் என்பது வாழ்வின் கண்ணாடியாகும்" என்று தொடங்கினால் நான் அடுத்த பக்கத்துக்கே போய்விடுவேன்.

மகள், கூச்சத்தைப் பற்றி நான் எழுதாமல் விட்டது அது ஒரு தடையாக எனக்குத் தெரியாததால். என்னிடம் படித்தவர்களில் மேடையில் துள்ளியவர்கள் பலர் செய்முறையில் சறுக்கினார்கள். அவர்கள் மற்றவர் பேசுவதைக் கேட்கவே மாட்டார்கள், தங்கள் முறை எப்போது வரும் என்று நிற்பார்கள். திரை இழுத்தவளுக்கு நாடகம் முழுவதும் தெரியும். எந்த வசனத்தில் திரை விழ வேண்டும் என்று நீ காத்திருந்தாயே, அந்தக் கவனம் பாதி நடிப்பு. குரலைப் பழக்கிக்கொள். வீட்டு முற்றத்தில் நின்று வாசலில் இருப்பவருக்குக் கேட்கும்படி தினமும் ஒரு பக்கம் வாசி. கத்த வேண்டாம், சொல்லின் கடைசி எழுத்து விழாமல் வாசித்தால் போதும். நம் பிள்ளைகள் வசன முடிவை விழுங்கிவிடுவார்கள். செய்முறையின் இவ்வருட ஒழுங்கு எப்படி என்று மட்டும் பரீட்சைத் திணைக்களத்தின் அறிவுறுத்தலில் பார்த்துக்கொள்.

பெண்பிள்ளை ஆடலாமா என்ற கேள்விக்கு: பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் பெண்பிள்ளைகள் இப்போது வடமோடி ஆடுகிறார்கள். ஊர்க் களரியில் ஆடுவது வேறு பேச்சு, அதை நீயும் உன் ஊரும் பேசித் தீர்க்க வேண்டியது. கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, நாடகத்தைப் பட்டப்படிப்பாகப் படிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். உளச்சார்புப் பரீட்சை எந்தக் கற்கைக்கு உண்டு என்பதை அனுமதிக் கையேட்டில் பார். ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரியும் ஒரு வழி. ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடம் உன்னுடையது ஒன்று மட்டும் அல்ல, அந்த வெற்றிடங்களுக்கு நாளைக்கு யாராவது போகத்தானே வேண்டும்? அப்பாவிடம் அதையும் சொல்.

ஒரு வேலை தருகிறேன். மாமாவிடம் போ. இளவரசியின் வரவுக்கு என்ன தாளக்கட்டு என்று வாயால் சொல்லச் சொல்லு. வேடங்களைப் பங்கிட்டுச் சட்டம் கொடுத்த நாளில் அந்த வேடம் அவருக்கு எப்படி வந்தது, சதங்கை அணியும் வரை எத்தனை மாதம் பழகினார்கள், அரங்கேற்ற இரவு உடுப்பை யார் கட்டிவிட்டார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதிவை. சட்டம் கொடுத்தல், கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று ஒரு கூத்து மேடையேறும் படிகள் புத்தகத்தில் பெயர்களாக இருக்கும். உன்னிடம் அது ஓர் ஆளின் கதையாக இருக்க வேண்டும்.

ஈரநிலம் எழுதியது:

ரீச்சர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தங்கச்சி, ஒன்று மட்டும்: பாடச் சேர்மானத்துக்கு விதி இருக்கிறது, எந்த மூன்றையும் விரும்பியபடி சேர்க்க முடியாது. அதிபரிடம் கையொப்பம் வாங்குவதற்கு முன் தமிழ், புவியியல், நாடகம் மூன்றும் சேருமா, பின்னால் நீங்கள் போக நினைக்கும் கற்கைக்கு அது பொருந்துமா என்று பார்த்துவிடுங்கள்.

படுவான்கரைப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை அப்பாவும் நானும் அதிபரைப் பார்க்கப் போகிறோம். நாடகம் எடுக்க விரும்பும் இன்னும் மூன்று பேர் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டாரும் வந்தால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஆசிரியர் கேட்டுக் கடிதம் எழுதலாம் என்று அப்பாவே சொன்னார்.

ரீச்சர், மாமாவிடம் அவர் ஆடிய கூத்தின் கொப்பி இருக்கிறது. ஏட்டைப் பார்த்துக் கையால் எழுதியது, ஓரமெல்லாம் பூச்சி அரித்துவிட்டது. அதைப் போட்டோக் கொப்பி எடுக்கலாமா, அல்லது அண்ணாவியாரிடம் கேட்க வேண்டுமா?

வட்டக்களரி எழுதியது:

கட்டாயம் கேட்க வேண்டும். வெறுங்கையோடு போகாதே, வெற்றிலை பாக்கு வைத்துக் கேள். அவர் தந்தால் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவருக்கே கொடு. அரித்த இடத்தில் இருந்த பாட்டு அவருக்கு மனப்பாடமாக இருக்கும், பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்.